ஆட்டோமேட்டிக் காரில் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்: புதிதாக ஓட்டுபவர்களுக்கு

பழைய காரில் ஹேண்ட் பிரேக் போட்டால் கைக்கே தெரிந்துவிடும். லீவரை இழுக்க இழுக்கப் பற்கள் ஒவ்வொன்றாக ஏறும் சத்தம் கேட்கும், ஒரு கட்டத்துக்கு மேல் இறுகும். சரி, வண்டி நின்றுவிட்டது என்று நிம்மதியாக இறங்கலாம். புது ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் அந்த லீவர் இல்லை, எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்தான். இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே விரலால் தூக்குகிற அளவுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். பிரேக் சரியாகப் பிடித்திருந்தாலும் பிடிக்காமல் போயிருந்தாலும் அந்த ஸ்விட்ச் விரலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே, இதுவரை கை உணர்ந்ததை இனி கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்விட்சைத் தூக்கியதும் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதை முதல் வாரத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கிச் சொல்ல வசதியாக ஹூண்டாய் கிரெட்டா ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற கார், நம் சாலைகளில் ஏராளமாக ஓடுகிறது, மேல் வேரியன்ட்களில் இந்த பிரேக் உண்டு. கியா செல்டோஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி700, டாடா ஹாரியர், நெக்ஸான் இ.வி. போன்றவற்றின் மேல் வேரியன்ட்களிலும் உண்டு. அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். சின்னச் சின்ன விஷயங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், காரோடு வரும் கையேட்டில் இந்தப் பகுதியை மட்டுமாவது ஒருமுறை படித்துவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ஆரம்ப கால அமைப்புகள் சிலவற்றில் கைக்குப் பதிலாக ஒரு மோட்டார் பழைய கேபிளை இழுத்தது. இப்போது பெரும்பாலான கார்களில் பின் சக்கரம் ஒவ்வொன்றின் பிரேக் கேலிப்பரிலும் (பிரேக் பேட்களைத் தாங்கி அழுத்தும் பாகம்) ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. ஸ்விட்சைத் தூக்கியதும் அது சுழன்று, பல் சக்கரங்கள் வழியாக ஒரு திருகைத் திருப்புகிறது. திருகு பிஸ்டனைத் தள்ள, பிரேக் பேட் இரண்டும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விக்கொள்கின்றன. பின் சக்கரப் பக்கம் ‘ங்ங்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்பது இதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை.

அந்தத் திருகைப் பின்னாலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அது தானாகத் திரும்பி வராது. அதனால் ஒருமுறை இறுகிவிட்டால் பிடித்துக்கொண்டிருக்க மின்சாரம் தேவையில்லை. இரவில் பேட்டரி இறங்கிவிட்டால் பிரேக்கும் விட்டுவிடுமோ என்று பலர் கேட்கிறார்கள். விடாது. ஆனால் போடுவதற்கும் எடுப்பதற்கும் மின்சாரம் வேண்டும்.

ஸ்விட்சும் விளக்குகளும்

கிரெட்டாவில் ஸ்விட்சை மேலே தூக்கினால் பிரேக் விழும், கீழே அழுத்தினால் விடும். எல்லா காரும் இப்படி இல்லை. மெர்சிடிஸ் கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டில் இருக்கும், அங்கே அழுத்தினால் பிரேக் விழும், இழுத்தால் விடும். வாடகைக்கோ நண்பரிடமோ வேறு கார் எடுக்கும்போது கிளம்பும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

மீட்டரில் இரண்டு விளக்குகளைத் தெரிந்துகொண்டால் போதும். பிரேக் பிடித்திருந்தால் சிவப்பு விளக்கு நிலையாக எரியும். மஞ்சள் நிறத்தில் ‘இ.பி.பி.’ (எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்) என்று எரிந்தால் அமைப்பில் ஏதோ கோளாறு. ஸ்விட்சைத் தூக்கியும் சிவப்பு வரவில்லை என்றால் பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் எரியும்போது சிவப்பு விட்டு விட்டு மின்னினால், ஸ்விட்சை ஒருமுறை அழுத்திவிட்டு மறுபடி தூக்கிப் பாருங்கள். அப்போதும் மின்னினால் அந்த பிரேக்கை நம்பி இறங்காதீர்கள். சமதளமாகப் பார்த்து கியரை ‘பி’யில், அதாவது பார்க்கில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

நிறுத்தும் முறை

1. காலால் பிரேக் பிடித்து காரை முழுதாக நிறுத்துங்கள். காலை எடுக்க வேண்டாம்.
2. கியரை ‘என்’னுக்கு, அதாவது நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.
3. ஸ்விட்சைத் தூக்குங்கள். சிவப்பு விளக்கைப் பாருங்கள்.
4. கால் பிரேக்கை மெதுவாக விடுங்கள். கார் ஓர் அங்குலம் அசைந்து பார்க்கிங் பிரேக்கின் மேல் உட்காரும்.
5. மறுபடி கால் பிரேக்கை அழுத்தி, கியரை ‘பி’யில் போடுங்கள்.
6. எஞ்சினை அணைத்து, மீட்டரை இன்னொரு முறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரண்டாவதும் நான்காவதும் பலரும் விட்டுவிடுகிற படிகள். சமதளத்தில் அவற்றை விட்டாலும் குற்றமில்லை. காலில் பிரேக்கைப் பிடித்தபடியே ஸ்விட்சைத் தூக்கி, நேரே ‘பி’யில் போட்டு அணைக்கலாம். சரிவில் மட்டும் விடவே கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் பழக்கம் நிலைக்கும்.

‘பி’யில் போட்டதும் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு, ஒரு பல் சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொள்கிறது. கதவில் தாழ்ப்பாள் விழுவது போலத்தான். சக்கரங்களை அது கவ்விப் பிடிப்பதில்லை, சுழல விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். சரிவில் நேரே ‘பி’யில் போட்டுவிட்டுக் காலை எடுத்தால், ஒன்றரை டன் காரும் அந்த ஒரு நாக்கின் மேல் சாய்ந்து நிற்கும். அதற்கு அப்புறம் பார்க்கிங் பிரேக் போட்டாலும், ஏற்கெனவே நாக்கின் மேல் ஏறிவிட்ட பாரம் இறங்காது. மறுநாள் ‘பி’யிலிருந்து எடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு வண்டி குலுங்கினால், ராத்திரி முழுக்கப் பாரம் அதன் மேல்தான் இருந்தது என்று அர்த்தம். மேலே சொன்ன வரிசையில் செய்தால் பாரத்தைப் பின் சக்கர பிரேக் தாங்கும், ‘பி’ இரண்டாம் காவலாக நிற்கும்.

கிரெட்டா போன்ற முன் சக்கர டிரைவ் கார்களில் இன்னொரு நன்மையும் உண்டு. ‘பி’ முன் சக்கரங்களைத் தடுக்கிறது, பார்க்கிங் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. இரண்டும் இருந்தால் நான்கு சக்கரமும் நிற்கும். சமதளம்தானே, ‘பி’ மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இரண்டையும் போடுங்கள். பின்னால் ஒரு வண்டி லேசாக இடித்தால்கூட அந்த நாக்குக்கு அடி விழும், அதைச் சரிசெய்ய கியர்பாக்ஸையே கழற்ற வேண்டியிருக்கும்.

ஏ.எம்.டி. (மேனுவல் கியர்பாக்ஸையே மோட்டார் இயக்குகிற) வகை ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பெரும்பாலான ஏ.எம்.டி. கார்களில் ‘பி’ என்ற நிலையே கிடையாது. அங்கே இரண்டாம் காவல் என்பது கியரில் விட்டு அணைப்பதுதான். அதைச் செய்யும் முறையை அந்தந்த கார் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவிலும் மலைப்பாதையிலும்

பாரம் ஏற்றிய கார் 20 சதவீதச் சரிவில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அசையாமல் நிற்க வேண்டும் என்பது, பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் ஆர்13-எச் பிரேக் விதி. ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிற சரிவு அது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சில தங்கும் விடுதிகளின் நுழைவுப் பாதை அதைவிடச் செங்குத்தாகக்கூட இருக்கும். அந்த மாதிரி இடத்தில் கார் சிறிதாவது நகர்வது போலத் தெரிந்தால், ஹூண்டாய், கியா கார்களில் பிரேக் போட்ட பிறகு ஸ்விட்சை மறுபடி தூக்கி 3 நொடிக்கு மேல் பிடித்திருங்கள். மோட்டார் இன்னும் அழுத்தமாக இறுக்கும்.

அப்புறம் ஸ்டீயரிங். கீழ்நோக்கி நிறுத்தினால் சக்கரத்தைச் சாலையோரம், அதாவது இடப்பக்கம் திருப்பி வையுங்கள். மேல்நோக்கி நிறுத்தும்போது ஓரத்தில் நடைமேடை விளிம்பு இருந்தால் வலப்பக்கம் திருப்புங்கள், பின்னால் உருண்டால் டயர் அந்த விளிம்பில் முட்டி நிற்கும். விளிம்பு இல்லாவிட்டால் இடப்பக்கம். ஆனால் இடப்பக்கம் பள்ளத்தாக்கு என்றால் அந்த இடத்தில் நிறுத்தாமல் இருப்பதே நல்லது. மலையில் லாரி ஓட்டுநர்கள் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் இறங்குவதில்லை, காருக்கும் அதையே செய்யலாம். கிளம்பும்போது கல்லைச் சாலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் அதில் ஏறி விழுவார்.

மலை இறங்கி நிறுத்திய கொஞ்ச நேரத்தில், பூட்டிய காரிலிருந்து மறுபடி மோட்டார் சத்தம் கேட்கலாம். சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பிடியும் அந்த அளவு தளரும். அதை எதிர்பார்த்துச் சில கார்கள் தாமாகவே மறுபடி இறுக்கிக்கொள்கின்றன.

கிளம்பும்போது

பிரேக்கை அழுத்தி ஸ்டார்ட் செய்து, காலை எடுக்காமல் கியரை ‘டி’யில், அதாவது டிரைவில் போடுங்கள், ஸ்விட்சைக் கீழே அழுத்துங்கள், சிவப்பு அணைந்ததும் கிளம்புங்கள். பல மாடல்களில் பிரேக்கில் கால் இருக்க ‘பி’யிலிருந்து ‘டி’க்கோ ‘ஆரு’க்கோ (ரிவர்ஸ்) மாற்றியதுமே அது தானாக விட்டுவிடும். ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினாலும் விடும். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: ஓட்டுநர் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், ஓட்டுநர் கதவு, பானெட், டிக்கி எல்லாம் மூடியிருக்க வேண்டும்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டியை ரெண்டடி நகர்த்தத்தானே போகிறோம் என்று பெல்ட் போடாமல் உட்காருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி நகராது. இன்னும் அழுத்துவார்கள். அதே நிலையில் பிரேக் விடுபட்டால் வண்டி பாய்ந்து எதிர்த்தூணில் போய் நிற்கும். நகரவில்லை என்றால் உடனே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து பிரேக்கில் வையுங்கள். அதற்கப்புறம் மீட்டரைப் பாருங்கள்.

இக்னிஷன் அணைந்திருக்கும்போது பிரேக்கைப் போட முடியும், எடுக்க முடியாது. அணைத்த பிறகு பிரேக் போட மறந்தது நினைவுக்கு வந்தால் அப்படியே ஸ்விட்சைத் தூக்கினால் போதும்.

ஆட்டோ ஹோல்ட் என்பது வேறு

ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே ‘ஆட்டோ ஹோல்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அண்ணா சாலை சிக்னலில் நீண்ட நேரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதிலிருந்து காலுக்கு விடுதலை தருகிற வசதி. அழுத்தினால் மீட்டரில் வெள்ளை எழுத்து வரும், தயார் என்று பொருள். பிரேக் பிடித்து நின்றதும் அது பச்சையாகும், காலை எடுத்தாலும் கார் நிற்கும். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் கிளம்பிவிடும்.

இது பிடித்து வைத்திருப்பது பிரேக் ஆயிலின் அழுத்தத்தால். பார்க்கிங் பிரேக் போல இரும்பால் பூட்டுவதில்லை. கியரும் ‘டி’யிலேயே இருக்கிறது. பின் சீட்டில் விழுந்த போனை எடுக்கத் திரும்பும்போது கால் ஆக்சிலரேட்டரில் பட்டால் போதும், வண்டி முன்னால் இருப்பவர் மேல் போய்விடும். நீண்ட நேரம் நின்றாலோ கதவைத் திறந்தாலோ கார் தானாகப் பார்க்கிங் பிரேக்குக்கு மாறும் என்பது உண்மைதான். அந்த நேரம் ஹூண்டாயில் 10 நிமிடம், டொயோட்டாவில் சுமார் 3 நிமிடம். ஆனால் இதை நம்பி இறங்குவதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பச்சை எழுத்து சிக்னலுக்கு, சிவப்பு விளக்கு இறங்குவதற்கு.

நெருக்கமான இடத்தில் முன்னும் பின்னுமாக நகர்த்தி நிறுத்தும்போதும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஆட்டோ ஹோல்டை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டரைத் தொட்டுத்தான் நகர்த்த வேண்டும், குலுங்கும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2016 ஜூனில் அமெரிக்க நடிகர் ஆன்டன் யெல்சின் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில், தன் ஜீப் கிராண்ட் செரோக்கி உருண்டு வந்து நசுக்கியதில் இறந்துபோனார். வயது 27. அந்த மாடலின் கியர் லீவர் எந்த கியரில் போட்டாலும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். ‘பி’யில் போட்டுவிட்டோம் என்று நினைத்துப் பலர் இறங்கியிருந்தார்கள். அந்த வகை லீவர் கொண்ட சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் கம்பெனி அறிவித்திருந்தது. லீவரும் ஸ்விட்சும் கைக்கு எதையும் சொல்லாத காலத்தில், மீட்டரில் ‘பி’ என்ற எழுத்தையும் சிவப்பு விளக்கையும் பார்க்காமல் இறங்கக் கூடாது.

ஓடும்போது பிரேக் செயலிழந்தால்

கால் பிரேக் வேலை செய்யவில்லை என்றால், ஸ்விட்சைத் தூக்கி விடாமல் பிடித்திருங்கள். எச்சரிக்கை ஒலி கேட்கும், பிடித்திருக்கும் வரை கார் வேகம் குறைந்துகொண்டே வரும். கையை எடுத்தால் பிரேக்கும் விட்டுவிடும். பழைய ஹேண்ட் பிரேக்கை ஓடும்போது இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். இதில் கணினி கட்டுப்படுத்துவதால் அந்த ஆபத்து மிகக் குறைவு. விளையாட்டாகச் செய்து பார்க்காதீர்கள், அவசரத்துக்கு மட்டும்.

ஸ்விட்ச் நடுவில் இருப்பதால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் எட்டும். ஓட்டுகிறவருக்கு மயக்கம் வந்தால் இதைத் தூக்கிப் பிடித்து காரை நிறுத்தலாம் என்பதை, வீட்டில் வழக்கமாக உங்களோடு முன் சீட்டில் வருபவருக்குக் காட்டிக்கொடுங்கள். கார் ஓட்டத் தெரியாதவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

டயர் மாற்றும்போது

முன் சக்கர டிரைவ் காரில் முன் டயரை ஜாக்கியில் தூக்கினால், ‘பி’ ஏறக்குறைய பயனற்றதாகிவிடும். இரும்பு நாக்கு பிடித்திருப்பது டிஃபரன்ஷியலுக்கு (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) முன்னால். அதற்கு அப்பால் ஒரு சக்கரம் முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்ற வழி இருக்கிறது. ஒன்று அந்தரத்தில் தொங்கும்போது தரையில் இருப்பது தாராளமாக உருளும். அப்போது காரை நிறுத்தி வைத்திருப்பது பின் சக்கர பார்க்கிங் பிரேக் மட்டும்தான். பின் டயரைத் தூக்கும்போது தரையில் இருக்கும் ஒரே பின் சக்கரத்தில்தான் பிரேக் வேலை செய்கிறது, அங்கே ‘பி’யின் துணை வேண்டும். ஆகவே எந்த டயரை மாற்றினாலும் பிரேக், ‘பி’ இரண்டும் போட்டு, குறுக்கே எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு இருபுறமும் கல் வைத்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள்.

பேட்டரி இறங்கினால், வண்டியைத் தள்ள வேண்டியிருந்தால்

12 வோல்ட் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் பிரேக்கை எடுக்க முடியாது. மின்சாரக் காரிலும் இதே கதைதான், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் உதவாது. ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் போட்டு மின்சாரம் கொடுத்து, பிரேக்கை அழுத்தி ஸ்விட்சை அழுத்துங்கள். கயிறு கட்டி இழுக்க யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூட்டிய பின் சக்கரம் தேய்ந்துகொண்டே போகும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கெடும். முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொண்டு போகிற லாரியைக் கேட்டுக் கூப்பிடுங்கள்.

நெரிசலான கடைவீதிகளில் குறுக்கே நிறுத்தி, தள்ளி நகர்த்த வசதியாக நியூட்ரலில் விடச் சொல்வார்கள். ஆட்டோ ஹோல்ட் போட்டிருந்து எஞ்சினை அணைத்தால் பார்க்கிங் பிரேக் தானாக விழும், ஆகவே முதலில் ஆட்டோ ஹோல்டை அணைக்க வேண்டும். பல கார்களில் கியர் லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்கு அடியில் இருக்கும் விடுவிப்பானை அழுத்தினால்தான் அணைத்த பிறகு ‘என்’னுக்கு வரும். முறை காருக்குக் கார் மாறும். நான் இப்படி விடுவதை விரும்புவதில்லை, வேறு இடம் தேடுவேன். வேலட் ஆளிடம் சாவி கொடுக்கும்போது ஸ்விட்ச் எங்கே, எப்படி என்று அரை நிமிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மழைக்காலமும் நீண்ட நாள் நிறுத்தமும்

ஈர டிஸ்க்கில் பேட் இறுகியபடி நாள்கணக்கில் நின்றால் துருவால் ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். கிளம்பும்போது ‘டப்’ என்று பிரிந்தால் சாதாரணம்தான், கொஞ்ச தூரம் பிரேக் பிடித்து ஓட்டினால் துரு தேய்ந்துவிடும். பிரியாவிட்டால் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காமல், ‘டி’யிலும் ‘ஆரி’லும் மாற்றி மாற்றி மெல்ல அசைத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்கள், தரையும் நல்ல சமதளம் என்றால், கார் கழுவிய நாளே நிறுத்தாமல் ஒரு சுற்று ஓட்டி டிஸ்க்கைக் காயவிடுங்கள். பிறகு ‘பி’யில் போட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பிரேக்கை விட்டுவிட்டுப் போகலாம். கனடா போன்ற பனி நாடுகளில் இருப்பவர்களுக்கும் இதே யோசனைதான், அங்கே துருவுக்குப் பதில் பனி உறைந்து ஒட்டும். சரிவில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

பின் பிரேக் பேட் மாற்றும்போது

தெருமுனை மெக்கானிக்கிடம் பின் பேட் மாற்றக் கொடுத்தால், வேலை தொடங்கும் முன் ஒன்று கேளுங்கள்: பார்க்கிங் பிரேக்கை சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) இருக்கிறதா? அந்த நிலையில்தான் மோட்டார் திருகைப் பின்வாங்கி பிஸ்டனுக்கு இடம் விடும். பழைய வழக்கப்படி பிஸ்டனை கிளாம்ப் வைத்துத் தள்ளினால் உள்ளே திருகோ மோட்டாரோ உடையும், கேலிப்பரையே மாற்ற வேண்டிவரும். வேலை நடக்கும்போது யாராவது ஸ்விட்சைத் தூக்கினால் விரல் நசுங்கும், அதனால் சாவியை மெக்கானிக்கிடமே கொடுத்துவைப்பது நல்லது. முடிந்ததும் அவர் ஸ்கேனரில் பிரேக்கை மறுபடி அமைத்துத் தர வேண்டும். காரை எடுத்துவரும் முன் ஸ்விட்சை நாலைந்து முறை போட்டு எடுத்து, இரண்டு பின் சக்கரத்திலிருந்தும் மோட்டார் சத்தம் வருகிறதா, மஞ்சள் விளக்கு அணைந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.